கிளம்பாத கார்



சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது. ஆனால் கார் கிளம்பவில்லை. மோட்டார் வண்டியோடு பழகுவோர் பலரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் சந்திக்க நேரும் இந்தச் சங்கடத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். "இது பட்டறையில் பேசவேண்டிய பேச்சாயிற்றே! பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நமக்கு இதனால் என்ன பயன்?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். பயன் உண்டு. ஒரு விளைவைக் கண்டவுடன் அதன் காரணத்தை எவ்வாறு தேடிச் செல்லவேண்டும் என்ற பாடத்தை, வாசலில் நின்றுவிட்ட ஒரு கார் மிகத் தெளிவாகக் கற்பிக்கும். அந்தப் பாடம் காரோடு நின்றுவிடுவதும் அன்று.

சேலம் மாநகராட்சியின் மண்டலங்களுள் ஒன்று அம்மாபேட்டை. தறியின் ஓசை நெடுங்காலமாகக் கேட்டுவரும் பகுதி அது. அங்கே நெசவாளர் குடும்பத்து இளைஞர் ஒருவர், பழைய கார் ஒன்றைக் கடன்பட்டு வாங்கி, வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் பக்கத்துத் தெருப் பெரியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்திருக்கிறார். சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் சுற்றும் ஓசை நன்றாகக் கேட்கிறது. ஆனால் அது தானாக ஓடத் தொடங்கவில்லை. மீண்டும் திருப்புகிறார்; மீண்டும் அதே ஓசைதான். அவர் முதலில் செய்யவேண்டியது, பெரியவரை வேறொரு வண்டியில் அனுப்பி வைப்பது. வண்டியின் பழுது காத்திருக்கும், நோய் காத்திராது.

அடுத்த கால்மணி நேரத்தில் காரைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடும். "பேட்டரி போய்விட்டது, அண்ணா" என்பார் ஒருவர். "பிளக்கை மாற்றினால் சரியாகிவிடும்" என்பார் மற்றொருவர். "சென்ற மாதம் என் வண்டியும் இப்படித்தான் நின்றது, பெட்ரோல் பம்ப்பை மாற்றினேன், ஓடிவிட்டது" என்பார் மூன்றாமவர். "நாலு பேர் பிடித்துத் தள்ளுங்கள், தம்பி, எல்லாம் கிளம்பிவிடும்" என்பார் வயதில் மூத்தவர். இவர்கள் அனைவரும் நல்லெண்ணம் உடையவர்களே. ஆனால் இவர்கள் கூறுபவை யாவும் ஊகங்கள். ஊகத்தின்படி ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால், பல நாள் உழைத்துச் சேர்த்த பணம் ஒரு காலைப் பொழுதில் கரைந்து போகும். மூன்று பாகங்களை ஒருசேர மாற்றியபின் வண்டி கிளம்பிவிட்டாலோ, பழுது எதிலிருந்தது என்பது எவருக்கும் தெரியாமலே போய்விடும். கழற்றி எறிந்த மூன்றில் இரண்டு நல்ல பாகங்களாக இருந்திருக்கலாம். தளர்ந்திருந்த ஒரு கம்பி, வேலையின்போது கைபட்டுத் தற்செயலாகச் சேர்ந்திருக்கலாம். அப்படியானால் அடுத்த வாரம் அது வழியில் மீண்டும் விலகும்.

ஆதலால் ஊகத்தை விடுத்து ஆராய்ச்சியைத் தொடங்குவோம்.

எஞ்சினைச் சுழற்றுவது ஒரு வேலை. எஞ்சின் தானே எரிந்து ஓடுவது வேறொரு வேலை. முதலில் இதனை மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. ஓட்டுநர் முன்புறம் வந்து நின்று, ஹாண்டிலைச் செருகித் தம் கைவலியால் எஞ்சினைச் சுழற்றுவார். எஞ்சின் சில வேளைகளில் எதிர்ப்புறமாக உதைத்து, அவர் மணிக்கட்டை முறித்துவிடுவதும் உண்டு. அந்தத் துன்பத்தைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். 1911இல் அவர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர், 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. அதைத்தான் நம் ஓட்டுநர்கள் இன்று 'செல்ஃப்' என்று வழங்குகிறார்கள். அதற்குச் சற்று முன்பே, பேட்டரியின் மின்சாரத்தைக் கொண்டு எஞ்சினுக்குள் தீப்பொறி எழுப்பும் அமைப்பையும் அவரே செய்திருந்தார். சுழற்றும் கருவி ஒன்று. பொறி தரும் கருவி மற்றொன்று. இரண்டையும் ஒருவரே ஆக்கினார் எனினும், இரண்டும் ஒன்றல்ல. முன்னது நன்றாக இருக்கும்போதே பின்னது பழுதாகலாம்.

இனி, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்ற செய்தி நமக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். எஞ்சின் ஓடத் தொடங்கிய பின் வண்டி நின்ற நிலையிலேயே நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 முதல் 900 சுற்றுகள் சுழலும். செல்ஃப் அதனைச் சுமார் 200 சுற்று வேகத்தில் திருப்பிவிடுகிறது. அந்த வேகம் வழக்கம்போல் இருக்கிறதென்றால் பேட்டரியில் போதிய வலு இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் வேலை செய்கிறது. இரண்டையும் இணைக்கும் தடித்த கம்பிகள் நன்றாக இருக்கின்றன. எஞ்சின் இறுகிப் போகவில்லை. சாவியை ஒருமுறை திருப்பியதிலேயே இத்தனையும் தெரிந்துவிட்டன. 'டிக்' என்ற ஓசையோடு நின்றிருந்தாலோ, ஓசையே எழாமல் இருந்திருந்தாலோ, அது வேறு நோய். அதற்கு வேறு சிகிச்சை.

சோர்ந்து சோர்ந்து சுற்றினால் மட்டும் பேட்டரியை ஐயுறலாம். 12 வோல்ட் பேட்டரி, செல்ஃப் சுற்றும் வேளையில் 9.6 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் வலுக்குன்றிவிட்டது என்று பட்டறைகளில் கொள்வர். அந்நிலையில் பொறியும் நலியும். எஞ்சினை ஆளும் கணினியும் செயலிழக்கலாம். ஆனால் நம் அம்மாபேட்டைக் காரில் சுழற்சி மிடுக்காக இருக்கிறது. எனவே பேட்டரியைக் குறை கூறியவரின் ஊகம் இங்கே விழுந்துவிட்டது. அதோடு, தள்ளச் சொன்னவரின் யோசனையும் விழுந்துவிட்டது. தள்ளுவதால் நிகழ்வது யாது? சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றும், அவ்வளவே. அந்த வேலையைத்தான் செல்ஃப் முன்னரே நன்றாகச் செய்துகொண்டிருக்கிறதே! செல்ஃப் மிடுக்காகச் சுற்றும் காரைத் தள்ளுவது, விழித்திருப்பவனைத் தட்டி எழுப்புவது போன்றது.

அவ்வாறாயின் குறை எங்கே? பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு நான்கு பொருத்தங்கள் வேண்டும். முதலாவது, காற்று. இரண்டாவது, அதற்கேற்ற அளவில் பெட்ரோல். கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிராம் முழுதும் எரிய, ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவைப்படுகிறது. மூன்றாவது, அமுக்கம். சிலிண்டருக்குள் புகுந்த கலவையைப் பிஸ்டன் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கவேண்டும். நான்காவது, தீப்பொறி. பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தைக் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்த, அது பிளக்கின் முனையில் பொறியாகத் தாவுகிறது. இந்நான்கும் இருந்தால் மட்டும் போதாது. உரிய கணத்தில் ஒன்றுகூடவும் வேண்டும். பிஸ்டன் மேலேறி வரும்போது பிறக்கவேண்டிய பொறி, அது கீழிறங்கிய பின்னர் பிறந்தால் யாருக்கு என்ன பயன்?

நான்கில் எது இல்லை என்று கண்டுபிடிக்கும் முன், காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. அது, கேள்வி கேட்பது. நல்ல மருத்துவர் நாடி பார்க்கும் முன்னர் நோயாளியின் வரலாற்றைக் கேட்பார் அல்லவா? வண்டி நேற்று எந்த நிலையில் நின்றது? ஓடும்போதே நின்றதா, நிறுத்தி வைத்தபின் கிளம்பவில்லையா? கடைசியாக எங்கே, எப்போது பெட்ரோல் போட்டார்கள்? இரவில் மழை பெய்ததா? எஞ்சினைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினார்களா? புதிதாக யாரேனும் ஒரு கம்பியைக் கழற்றி மாட்டினார்களா? வண்டி பல நாள் நின்றிருந்ததா? எலிகள் எஞ்சினுக்குள் குடியேறி மின்கம்பிகளைக் கடித்துவிடுவது நம் ஊர்களில் அரிய நிகழ்ச்சி அன்று.

பெட்ரோல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். முள் காட்டும் அளவை அப்படியே நம்பிவிடலாகாது, முள்ளும் பழுதாகும். சாவி வடிவ விளக்கு ஒன்று முகப்பில் விடாது மின்னினால் அதனையும் கவனிக்கவேண்டும். இன்றைய சாவிகளுக்குள் சிறு சில்லு ஒன்று இருக்கிறது. வண்டி அதனை அடையாளம் காணாவிட்டால், பல கார்களில் செல்ஃப் சுற்றும். எஞ்சின் மட்டும் எழாது. திருடனுக்காக வைத்த காவல் உரியவரையே தடுத்துவிடும். அவ்வேளையில் மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்ப்பதே போதும்.

கேள்விகளுக்குப் பின் செவிக்கு வேலை. செல்ஃபைச் சுற்றாமல், சாவியை அதற்கு முந்தைய நிலையில் மட்டும் நிறுத்தினால், பெட்ரோல் இன்ஜெக்டர் உள்ள பெரும்பாலான கார்களில் பின்னிருக்கைப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று விநாடிகளுக்கு ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பெட்ரோல் டாங்க்கின் உள்ளிருக்கும் மின்பம்ப்பின் ஓசை. ஓசை கேட்கவில்லை என்றால், "பம்ப் போய்விட்டது" என்று உடனே தீர்ப்பளிக்கலாமா? கூடாது. பம்ப்புக்குச் செல்லும் கம்பியில் சோதனை விளக்கைப் பொருத்திப் பார்க்கவேண்டும். மின்சாரமும் வந்து, எர்த்தும் சரியாக இருந்து, பம்ப் சுழலவில்லையானால் குற்றம் பம்ப்பினுடையது. மின்சாரமே வரவில்லையானால், பம்ப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநீதி. பியூஸ், ரிலே, கம்பி என்று முன்னோக்கிச் செல்லவேண்டும்.

இந்த ஒரு சோதனையின் சிறப்பை எண்ணிப் பாருங்கள். வழியின் நடுவே ஓரிடத்தில் நின்று பார்த்தோம். குற்றம் நமக்கு முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்று தெரிந்துவிட்டது. ஐயத்துக்குரிய பகுதி பாதியாகக் குறைந்தது. மீதமுள்ள பாதியின் நடுவே மறுபடி ஒருமுறை நின்று பார்த்தால், அது கால்பங்காகும். பதினாறு ஐயங்கள் வரிசையாக இருந்தாலும் நான்கே சோதனைகளில் ஒன்றுக்கு வந்துவிடலாம். கணக்கில் நீங்கள் படித்த இருமடிப் பெருக்கம் இங்கே தலைகீழாக நின்று உதவுகிறது.

அடுத்து, நம் ஆராய்ச்சியின் மையமான இரண்டு சோதனைகள். ஒன்று, பொறி வருகிறதா? மற்றொன்று, பெட்ரோல் வருகிறதா? பொறியைக் காண, இடைவெளியுள்ள சோதனைக் கருவியை எஞ்சினின் உடலோடு கவ்வவைத்துப் பார்க்கவேண்டும். பிளக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பொறியைத் தாவவிடும் பழைய பழக்கத்தை இன்றைய கார்களில் அறவே விடவேண்டும். அது பிடிப்பவருக்கும் கேடு, கணினிக்கும் கேடு. பெட்ரோலை அறிய, பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்க்கலாம். நெடுநேரம் சுற்றிய பின்னும் முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று ஐயுறலாம். நனைந்து மணத்தால் வந்திருக்கிறது. பம்ப்பின் ஓசை கேட்டதென்பதாலேயே பெட்ரோல் போதிய அழுத்தத்தோடு வருகிறது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. பில்டர் அடைத்திருந்தாலும் பம்ப் பாடிக்கொண்டுதான் இருக்கும். ஐயம் தீர அழுத்தமானி வேண்டும்.

இரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கும் விடைகளைச் சேர்த்துப் பார்த்தால் நான்கு நிலைகளே உண்டு. ஐந்தாவது இல்லை.

முதல் நிலையில், பொறி உண்டு, பெட்ரோல் இல்லை. அப்படியானால் காயிலையும் பிளக்கையும் மறந்துவிட்டு, டாங்க்கிலிருந்து இன்ஜெக்டர் வரையுள்ள வழியை மட்டும் ஆராய்ந்தால் போதும். கார்புரேட்டர் வைத்த பழைய கார்களில், கோடை வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வதும் உண்டு. சேலத்துச் சித்திரை வெயிலில் நின்றுபோன அம்பாசிடரின் பம்ப்பின்மேல் ஓட்டுநர் ஈரத்துணி போட்டது சடங்கன்று. ஆவியை மீண்டும் திரவமாக்கும் பௌதிகம்.

இரண்டாம் நிலையில், பெட்ரோல் உண்டு; பொறி இல்லை. இப்போது பொறியின் வழியை ஆராயவேண்டும். பழைய கார்களில் பாயிண்ட் கரிந்திருக்கும், கண்டென்சர் கெட்டிருக்கும், அல்லது டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்து மின்சாரம் தவறான வழியில் ஒழுகும். மழைக்கால விடியலில் உலர்ந்த துணியால் மூடியைத் துடைத்தவுடன் கிளம்பிய கார்கள் எண்ணற்றவை. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. நனைந்த பிளக்கில் பொறி நன்றாகப் பிறக்காது. கிளம்பாத காரை மேலும் மேலும் சுற்றுவதாலேயே பிளக் பெட்ரோலில் குளித்திருக்கக்கூடும். அப்போது நனைவு காரணம் அன்று. நம் பொறுமையின்மையின் விளைவு. ஆக்ஸிலேட்டரை முழுதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு சில விநாடிகள் சுற்றினால், பெரும்பாலான கார்களில் மிகுந்த பெட்ரோல் வெளியேறிக் காற்று புகும்.

மூன்றாம் நிலை மிகவும் சுவையானது. பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை. பழக்கமில்லாதவர் இதைக் கண்டு, "ஐயோ! இரண்டும் கெட்டுவிட்டனவே" என்று கலங்குவார். ஆராய்பவரோ மகிழ்ச்சி அடைவார். எவ்வாறெனின், தொடர்பில்லாத இரண்டு பாகங்கள் ஒரே இரவில் ஒருங்கே கெடுவது அரிது. இரண்டுக்கும் பொதுவான ஒன்று கெடுவதே இயல்பு. பல பழைய எஞ்சின்களில் பொறியைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டரும் பெட்ரோல் பம்ப்பும் ஒரே காம் தண்டினால் இயங்கின. தண்டைச் சுழற்றும் டைமிங் செயின் அறுந்தால் இரண்டும் ஒருசேர நின்றுவிடும். இன்றைய கார்களில் அந்தப் பொதுவான இடத்தில் இருப்பவை, பிரதான ரிலே, கணினிக்குச் செல்லும் மின்சாரம், சாவியின் காவல், எஞ்சின் தண்டு சுழல்வதைக் கணினிக்கு அறிவிக்கும் சிறிய சென்சார் ஆகியவை. இந்தச் சென்சாரின் செய்தி வராவிட்டால், எஞ்சின் சுழல்வதையே கணினி அறியாது. அறியாத கணினி, பெட்ரோலும் தராது, பொறியும் தராது.

அம்மாபேட்டை இளைஞரின் கார் இந்த மூன்றாம் நிலையில் இருந்தது என்று கொள்வோம். செல்ஃப் சுற்றும்போது முகப்பிலுள்ள சுற்றுமானியின் முள் அணுவளவும் அசையவில்லை. பல கார்களில் இது சென்சாரின் செய்தி வரவில்லை என்பதற்கு ஒரு குறிப்பு. குறிப்பே அன்றி முடிவு அன்று. பட்டறை மிஸ்திரி ஸ்கேனரை மாட்டுகிறார். அது 'பி 0335' என்று காட்டுகிறது. "சென்சார் போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்று கூறிவிடலாமா? அந்த எண்ணின் பொருள், தண்டுச் சென்சாரின் மின்சுற்றில் குறை தென்பட்டது என்பதே. சுற்று என்றால் சென்சார், அதன் இணைப்பு, அதிலிருந்து கணினி வரை ஓடும் கம்பி ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். நல்ல மிஸ்திரி கம்பியைத் தொடர்ந்து செல்கிறார். நடுவழியில் எலி கடித்த இடம் தென்படுகிறது. ஒரு சாண் கம்பி மாற்றப்படுகிறது, வண்டி எழுகிறது. புதுச் சென்சார் போட்டிருந்தால் பணம் போயிருக்கும். வண்டி அங்கேயே நின்றிருக்கும். ஸ்கேனர் சொல்வது எந்தத் தெருவில் தேடவேண்டும் என்பதை; எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதை மனிதர்தான் தீர்மானிக்கவேண்டும்.

நான்காம் நிலையில், பொறியும் உண்டு, பெட்ரோலும் உண்டு, எனினும் எஞ்சின் எழவில்லை. அப்போது எஞ்சிய பொருத்தங்களை நோக்கவேண்டும். காற்று வரும் வழியோ புகை போகும் வழியோ அடைத்திருக்கலாம். டைமிங் பெல்ட் பற்கள் தாண்டியிருந்தால் காலப் பொருத்தம் குலைந்திருக்கும். பெல்ட் அறுந்தே போயிருந்தால் வால்வுகள் அசையா, அமுக்கம் இராது. அவ்வேளையில் செல்ஃபின் ஓசையே மாறிவிடும். வழக்கமான ஏற்ற இறக்கம் இன்றி, சுமையற்ற இராட்டை போல விரைந்து சுழலும். அந்த ஓசை கேட்டால் உடனே நிறுத்திவிடவேண்டும். பல எஞ்சின்களில் மேலும் சுற்றினால் பிஸ்டன் வால்வில் மோதி அதனை வளைத்துவிடும்.

வருவது பெட்ரோல்தானா என்ற ஐயமும் இந்நிலையில் எழவேண்டும். நம் நாட்டில் பெட்ரோலோடு எத்தனால் கலக்கும் அளவு 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் சிறிதளவு நீரைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். நீர் அளவு கடந்தால், நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டாங்க்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதோ அடியிலிருந்துதான்! சிறிதளவு பெட்ரோலைத் தெளிந்த கண்ணாடிக் குப்பியில் எடுத்து, நெருப்பில்லாத திறந்த வெளியில் அசையாமல் வைத்தால், அடியில் தனிப்படலம் தேங்குவது கண்ணுக்கே தெரியும்.

சேலத்துக்குத் தெற்கே நாமக்கல்லும் தென்மேற்கே சங்ககிரியும் லாரித் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர்கள். திருச்செங்கோடு ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வண்டிகளுக்குப் பேர்பெற்றது. அங்குள்ள மாணவர்கள், "எங்கள் டீசல் வண்டிக்கு இது பொருந்துமா?" என்று கேட்கலாம். முறை பொருந்தும், விவரங்கள் மாறும். 1897இல் ருடால்ப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறிக்கு இடமில்லை. காற்றை மிகுதியாக அமுக்குவதால் பிறக்கும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஆகவே அங்கே பொறியைத் தேடுவது வீண். அமுக்கத்தையும் டீசல் வரும் வழியையுமே தேடவேண்டும். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் டீசல் வராது. அதனால்தான் பழைய லாரி ஓட்டுநர்கள் கைப்பம்ப்பை அடித்து, நுரை நீங்கித் தூய டீசல் வரும்வரை 'ஏர்' எடுத்தார்கள்.

சோதிப்பவர் தம்மையும் வண்டியையும் காத்துக்கொள்ளுதல் முதற்கடமை. கியர் நியூட்ரலில் இருக்கவேண்டும், கைப்பிரேக் போட்டிருக்கவேண்டும். செல்ஃபைத் தொடர்ந்து பத்து விநாடிகளுக்கு மேல் சுற்றலாகாது. அரை நிமிடமேனும் ஓய்வு தரவேண்டும். இல்லையேல் ஸ்டார்ட்டர் சூடேறிக் கருகும், பேட்டரி வறளும், எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள மாற்றியில் சேர்ந்து அதனைக் கெடுக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தொலைவில் உள்ள நெருப்பையும் தேடிச் செல்லும். இன்ஜெக்டர் வண்டிகளில் பெட்ரோல் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். பழகாதவர் அதனை அவிழ்க்கவே கூடாது.

கொங்கு நாட்டு மாணவர்கள் ஜி. டி. நாயுடு அவர்களின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்தவர். இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கியவர். வாங்கியதும் பாகம் பாகமாகப் பிரித்து, மீண்டும் கோத்து, எந்தப் பாகம் எதற்கு உதவுகிறது என்று கற்றார். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்துத் தொடங்கிய அவர், பின்னர் பெரிய தொழிலதிபராக விளங்கினார். பள்ளிப் படிப்பு அவருக்கு மிகுதியாக வாய்க்கவில்லை, ஆனால் ஒவ்வொரு பாகத்தையும் நோக்கி, "நீ இல்லாவிட்டால் எது நிற்கும்?" என்று கேட்கும் அறிவு வாய்த்திருந்தது. கிளம்பாத கார் நம்மிடம் எதிர்பார்ப்பதும் அந்தக் கேள்வியைத்தான்.

இந்த அறிவு அம்மாபேட்டைக்குப் புதியதும் அன்று. தறியில் ஓர் இழை அறுந்தால், நெசவாளர் பாவு முழுவதையும் அறுத்து எறிவதில்லை. ஆயிரக்கணக்கான இழைகளுக்கு இடையே அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, அது எந்த விழுதில் நுழைந்து, எந்த இடைவெளி வழியே வந்ததோ, அந்த வழியிலேயே கொண்டுவந்து முடிச்சிடுகிறார். பழுது எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் கை வைக்கவேண்டும் என்பது அவருக்குப் பரம்பரையாக வந்த நெறி. அவர் பிள்ளைகள் பட்டறைக்குச் சென்றாலும், பொறியியற் கல்லூரிக்குச் சென்றாலும், அந்த நெறி கைகொடுக்கும்.

மின்சாரத்தாலேயே ஓடும் கார்கள் இப்போது பெருகி வருகின்றன. அவற்றில் பெட்ரோலும் இல்லை, பிளக்கும் இல்லை, சுழற்றி எழுப்பவேண்டிய எஞ்சினும் இல்லை. இன்று நான் கூறிய விவரங்களில் பல ஒருநாள் பழங்கதையாகலாம். ஆனால் இருப்பதை வைத்து இல்லாததைக் கண்டுபிடிப்பது, நடுவில் நின்று பாதியை விலக்குவது, ஒருங்கே நேர்ந்த இரு குறைகளுக்குப் பொதுக் காரணம் தேடுவது, விளைவைக் காரணமென்று மயங்காதிருப்பது ஆகிய இவை பழையன ஆகா.

ஆகவே, நண்பர்களே, நாளை ஒருவர் உங்களிடம், "இந்தப் பாகம் போய்விட்டது, மாற்றவேண்டும்" என்று கூறினால், மரியாதையோடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தச் சோதனையால் அது தெரிந்தது, ஐயா?" நல்ல தொழிலாளி அந்தக் கேள்விக்குச் சினம் கொள்ளமாட்டார், மகிழ்ந்து விளக்கிக் காட்டுவார். நீங்களே அந்தத் தொழிலுக்குச் செல்வீர்களானால், பிறர் கேட்கும் முன்னர் உங்களை நீங்களே அவ்வாறு கேட்டுக்கொள்ளுங்கள். பிறர் உழைத்துச் சேர்த்த பணம் உங்கள் விடையை நம்பித்தான் இருக்கிறது.